புளியங்கொட்டை சொல்லித் தரும் தைராய்டு பாடம்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பார்கள். குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். ஆறாம் வகுப்பில் வரிசையின் நடுவில் நின்ற ஒரு மாணவி, எட்டாம் வகுப்பில் முதல் ஆளாக நின்றாள். மற்ற பிள்ளைகள் வளர்ந்து, ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் பின்னால் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஏறக்குறைய அதே உயரத்தில் நின்றுவிட்டாள்.

அதை முதலில் கவனித்தவர் எங்கள் உடற்கல்வி ஆசிரியர். அறிவியல் ஆசிரியையான நான் கவனிக்கவில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் வேறு: வகுப்பில் தூங்கி வழிகிறாள், எழுத நேரம் எடுத்துக்கொள்கிறாள், கேட்ட கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்கிறாள். "சோம்பேறித்தனம்" என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் அது தைராய்டு சுரப்புக் குறைவு என்று தெரிந்தது. அந்த ஆண்டும் "ஹைப்போதைராய்டிசத்தின் அறிகுறிகள் யாவை?" என்ற கேள்வியைப் பத்தாம் வகுப்பில் நடத்தி, மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்து, விடைத்தாளில் மதிப்பெண்ணும் போட்டவள் நான்.

அதன் பிறகு இந்தப் பாடத்தை நடத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். கல்பாக்கம் சுற்றுவட்டாரக் கடலோரப் பிள்ளைகளோடு நான் செய்து பார்த்ததை இங்கே பகிர்கிறேன். இரண்டு பாடவேளை போதும். தேவையான பொருள் ஒரு படி புளியங்கொட்டை.

அட்டவணையில் விடுபடுவது

நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை நாம் வழக்கமாக ஓர் அட்டவணையாக நடத்துகிறோம். சுரப்பியின் பெயர், ஹார்மோன், அதன் பணி, கூடினால் வரும் நோய், குறைந்தால் வரும் நோய் என ஐந்து கட்டங்கள். தேர்வுக்கு அது உதவும். ஆனால் ஒரு சுரப்பிக்கு யார் கட்டளையிடுகிறார்கள், அது எந்த மூலப்பொருளைக் கொண்டு ஹார்மோனைத் தயாரிக்கிறது, போதும் என்று எப்போது நிறுத்துகிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அந்த அட்டவணையில் இடமில்லை. இந்த மூன்றும் புரிந்தால் நோய்களைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; எங்கே அறுந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இதற்குத் தைராய்டைவிடப் பொருத்தமான சுரப்பி இல்லை. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை ஒட்டி, இரண்டு கதுப்புகளாக இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் எடை. அது சுரக்கும் தைராக்ஸினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அதனால்தான் அதை டி4 என்கிறோம். மூன்று அயோடின் அணுக்கள் உள்ளது டி3. 1914இல் எட்வர்டு கெண்டல் தைராக்ஸினை முதன்முதலில் படிக வடிவில் பிரித்தெடுத்தார். சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் 1927இல் அதை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டினார்கள். இன்று நோயாளிகள் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் சிறு மாத்திரையின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

ஒரு மனித உடலில் உள்ள மொத்த அயோடின் 15 முதல் 20 மில்லிகிராம்தான். அதில் முக்கால் பங்கு அளவுக்குத் தைராய்டிலேயே இருக்கிறது. இரத்தத்தில் எந்த அயோடின் வந்தாலும் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையை இந்தச் சுரப்பி ஓயாமல் செய்கிறது. இந்த ஒரு பண்பை மட்டும் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். சமையல் உப்பிலிருந்து அணுமின் நிலைய அவசரநிலை ஒத்திகை வரை எல்லாமே அதிலிருந்து விளங்கும்.

புளியங்கொட்டை விளையாட்டு

வகுப்பறையின் முன்னால் மூன்று பேரை நிறுத்துங்கள். முதலாமவர் ஹைப்போதலாமஸ், இரண்டாமவர் பிட்யூட்டரி, மூன்றாமவர் தைராய்டு. நடுவில் ஒரு தட்டு, அதுதான் இரத்தம். தைராய்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை. அதுதான் உணவில் வரும் அயோடின்.

விதிகள் இவை. தட்டில் ஹார்மோன் குறைவாக இருந்தால் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியின் தோளைத் தட்டும். பிட்யூட்டரி கைதட்டும், அந்தக் கைதட்டல்தான் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், அதாவது டிஎஸ்எச். ஒவ்வொரு கைதட்டலுக்கும் தைராய்டு நான்கு கொட்டைகளை எடுத்து, ஒரு சிறு தாளில் மடித்து, தட்டில் வைக்க வேண்டும். அந்தப் பொட்டலம்தான் டி4. தட்டில் ஐந்து பொட்டலம் சேர்ந்துவிட்டால் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் பேசாமல் நிற்க வேண்டும். வேறொரு மாணவர், 'உடல் செல்கள்' என்ற பெயரில், அவ்வப்போது தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச் செல்வார். தட்டு குறையும், கைதட்டல் மீண்டும் தொடங்கும்.

இரண்டு நிமிடம் இதை ஓடவிட்டால் எதிர்மறைப் பின்னூட்டம் என்பது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. "மாடித் தொட்டி நிறைஞ்சா மோட்டார் தானா நிக்குமே, அது மாதிரி டீச்சர்" என்று ஒரு மாணவன் சொன்னான். அதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

இனி ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்ப்போம்.

முதல் சுற்று: கிண்ணத்திலிருந்து கொட்டைகளை எடுத்துவிடுங்கள். தைராய்டால் பொட்டலம் கட்ட முடியாது. தட்டு காலி. பிட்யூட்டரியின் கைதட்டல் வேகமாகிக்கொண்டே போகும். இப்போது ஒரு விதியைச் சேருங்கள்: கைதட்டல் நிற்காமல் தொடர்ந்தால் தைராய்டு தன் பக்கத்தில் இன்னொரு மாணவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர் என்று கூட்டம் பெருகும். ஆனால் கொட்டை இல்லாமல் எத்தனை பேர் நின்று என்ன பயன்? கழுத்தில் தெரியும் வீக்கம், அதாவது எளிய காய்டர் எனப்படும் முன்கழுத்துக் கழலை, இப்படித்தான் உருவாகிறது. சுரப்பி பெரிதாக இருந்தால் ஹார்மோனும் அதிகமாக இருக்கும் என்று பிள்ளைகள் பலரும் தவறாக நினைக்கிறார்கள். அந்தத் தவறு இந்தச் சுற்றோடு தீர்ந்துவிடும்.

இரண்டாம் சுற்று: கிண்ணம் நிறையக் கொட்டை இருக்கிறது. ஆனால் தைராய்டாக நிற்பவரின் கைகளை ஒரு துண்டால் லேசாகக் கட்டிவிடுங்கள். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு செல்களைத் தாக்குவதால் வரும் சுரப்புக் குறைவு இது. ஹாஷிமோட்டோ நோய் என்பது இதன் பெயர். அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் சுரப்புக் குறைவுக்கு இதுவே முதன்மைக் காரணம். எங்கள் மாணவிக்கு வந்ததும் இதுதான். கைதட்டல் அதிகம், பொட்டலம் குறைவு. மருத்துவ அறிக்கையில் "டிஎஸ்எச் அதிகம், டி4 குறைவு" என்று எழுதியிருப்பதன் பொருள் இதுவே. இதற்கு உப்பைக் கூட்டுவது மருந்தாகாது. கட்டிய பொட்டலத்தையே தட்டில் வைக்க வேண்டும். தைராக்ஸின் மாத்திரை செய்வது அதைத்தான்.

மூன்றாம் சுற்று: தட்டு நிறைந்துவிட்டது, பிட்யூட்டரி கைதட்டலை நிறுத்திவிட்டது. ஆனால் கடைசி வரிசையில் ஒரு மாணவர் பிட்யூட்டரியைப் போலவே கைதட்டிக்கொண்டிருக்கிறார். தைராய்டுக்கு இரண்டு ஒலிக்கும் வேறுபாடு தெரியாது, கட்டிக்கொண்டே இருக்கும். தட்டு நிரம்பி வழியும். இது கிரேவ்ஸ் நோய். டிஎஸ்எச் பொருந்த வேண்டிய ஏற்பிகளில் எதிர்ப்பொருள்கள் போய்ப் பொருந்திச் சுரப்பியைத் தூண்டுகின்றன. இங்கே டிஎஸ்எச் அளவு என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். "குறைவு" என்ற பதில் வந்தால் பாடம் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

நான்காம் சுற்றைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். அதற்கு முன் உப்புக்கு வருவோம்.

கடலோரம் இருந்தும் அயோடின் குறைவா?

"நமக்கு எதுக்கு டீச்சர் அயோடின் உப்பு? கடல் பக்கத்துலதானே இருக்கோம்!" இந்தக் கேள்வி எங்கள் பகுதியில் எல்லா ஆண்டும் வரும். கேட்பதில் நியாயம் உண்டு. புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் மீன் வாங்கிச் சாப்பிடுகிறோம். வடக்கே கோவளம், கேளம்பாக்கம், தெற்கே செய்யூர், மரக்காணம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்பளங்கள் உண்டு. கடல் நீரில் அயோடின் இருப்பதும் உண்மைதான்.

பதிலை நாம் சொல்ல வேண்டாம்; கரும்பலகையில் கணக்காகப் போடலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அயோடின் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம். அந்த அயோடின் துளிகூட வீணாகாமல் உப்பில் தங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் உப்பில் 1.7 மைக்ரோகிராம் வரும். ஒருவர் நாளுக்கு 8 கிராம் உப்பு சாப்பிட்டால் 14 மைக்ரோகிராம்கூட முழுதாகக் கிடைக்காது. தேவையோ, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 6 முதல் 12 வயதினருக்கு நாளுக்கு 120, பெரியவர்களுக்கு 150, கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 மைக்ரோகிராம். உண்மையில் உப்பு விளையும்போது அயோடினில் பெரும் பங்கு தாய்நீரோடு போய்விடுவதால் இதைவிடவும் குறைவாகவே தங்கும். கடல் மீனில் அயோடின் உண்டு. ஆனால் தினமும் எல்லாருக்கும் மீன் கிடைப்பதில்லை, எல்லாரும் மீன் சாப்பிடுவதும் இல்லை.

இப்போது அயோடின் சேர்த்த உப்பின் கணக்கு. சட்டப்படி, கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். 15 பங்கு என்றால் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம். அதே 8 கிராம் உப்பில் 120 மைக்ரோகிராம். ஒன்பது மடங்கு வேறுபாடு. இதற்காக உப்பைக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டுவிடக் கூடாது. பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாப்பிடுகிற உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும் என்பதே செய்தி.

நாடு முழுவதும் 2018-19இல் எடுத்த அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு. மாநிலங்களிலேயே அதுதான் கடைசி இடம். உப்பு உற்பத்தியில் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் நாம்! உப்பு விளையும் இடத்துக்கு அருகில் இருப்பதால் அயோடின் சேர்க்காத கல் உப்பு மலிவாக, எளிதாக, பழக்கமாகக் கிடைத்துவிடுகிறது. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் வாங்கும் உப்பே குழம்புக்கும் போய்விடுகிறது. நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்று 2006இல் நாடு முழுவதும் தடை வந்த பிறகும் நிலை இதுதான்.

பள்ளியில் நமக்கு ஒரு வசதி உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உள்ள தமிழ்நாடு உப்பு நிறுவனம், இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைச் சத்துணவுத் திட்டத்துக்குத் தயாரிக்கிறது. சத்துணவுக் கூடத்து உப்புப் பையின் மேல் அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். கடை உப்புப் பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் சின்னத்தைத் தேடச் சொல்லுங்கள்.

கஞ்சித் தண்ணீர் சோதனை

சோதனை எளிது, ஆனால் பலரும் ஓரிடத்தில் தவறுகிறோம். வடித்த கஞ்சியை உப்பில் விட்டு, நீலம் வரவில்லை என்று ஏமாறுகிறோம். நம் நாட்டு உப்பில் அயோடின் தனியாக இல்லை. பொட்டாசியம் அயோடேட் என்ற சேர்மமாக இருக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் ஊர்களில் அதுவே நிலையாகத் தங்கும். அதிலிருந்து அயோடினை விடுவிக்க அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் வேண்டும்.

வெள்ளைத் தட்டில் ஒரு தேக்கரண்டி உப்பு. ஆறிய, தெளிந்த கஞ்சி சில துளிகள். வினிகர் சில துளிகள். ஆய்வகத்திலிருந்து பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஒரு துளி. அயோடேட் இருந்தால் நீலம் அல்லது கருநீலம் தோன்றும். வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு வேண்டாம்; அதிலுள்ள வைட்டமின் சி, வெளிவரும் அயோடினை மீண்டும் நிறமற்றதாக்கிவிடும். உப்பே இல்லாத இன்னொரு தட்டிலும் இதே துளிகளை விட்டுப் பாருங்கள். அங்கும் நீலம் வந்தால் உங்கள் அயோடைடு கரைசல் பழையது என்று பொருள். சோதித்த உப்பை எவரும் வாயில் வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

முக்கியமான ஒன்று. வீட்டிலிருந்து உப்பு கொண்டுவரச் சொன்னால் பொட்டலத்தில் பெயர் எழுத வேண்டாம். எண் மட்டும் போடுங்கள். எந்தப் பிள்ளையின் வீட்டு உப்பு நீலமாகவில்லை என்பது வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. முடிவை மட்டும் எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். கூடவே இரண்டு செய்திகள்: உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்புக்கும் ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள், சமையல் முடியும் நேரத்தில் உப்புச் சேருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளால் கிடைத்த அறிவு

அயோடின் கழலையைத் தடுக்கும் என்பதைப் பெரிய அளவில் நிறுவியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஆக்ரான் நகரப் பள்ளி மாணவியரிடம் டேவிட் மரைனும் கிம்பலும் 1917இல் ஆய்வைத் தொடங்கினார்கள். சோடியம் அயோடைடு எடுத்துக்கொண்ட 2,190 மாணவியரில் 5 பேருக்கு மட்டுமே சுரப்பி வீங்கியது. எடுத்துக்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்கு வீங்கியது.

நம் நாட்டில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956 முதல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களிடையே ஆய்வு செய்தனர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். ஆறு ஆண்டுகளில், அயோடின் கிடைத்த இரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. பாதிப்பு கழுத்து வீக்கத்தோடு நிற்பதில்லை, கருவில் வளரும் மூளையையும் தாக்குகிறது என்பதால், 1992இல் அது 'அயோடின் குறைபாட்டு நோய்கள்' கட்டுப்பாட்டுத் திட்டம் என்று பெயர் மாறியது.

நான்காம் சுற்று: கல்பாக்கத்தின் கேள்வி

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அணுமின் நிலையம் அன்றாடக் காட்சி. முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது உலை 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. சுற்றுக் கிராமங்களில் அவசரநிலை ஒத்திகை நடக்கும்போது அயோடின் மாத்திரை என்ற சொல்லும் காதில் விழும். "அது என்ன மாத்திரை? அதைத் தினமும் போட்டுக்கிட்டா நல்லதா?" என்று கேட்பார்கள். புளியங்கொட்டையே பதில் சொல்லும்.

கொஞ்சம் கொட்டைகளில் சுண்ணாம்பு தடவிக் கிண்ணத்தில் கலந்துவிடுங்கள். சுண்ணாம்புக் கொட்டை, கதிரியக்க அயோடின்-131. தைராய்டு இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காது. கைக்கு வந்ததை எடுக்கும். இப்போது சுண்ணாம்புக் கொட்டை வருவதற்கு முன்பே, தைராய்டின் இரு கைகளிலும் சாதாரணக் கொட்டைகளைக் கொள்ளாத அளவுக்குத் திணித்துவிடுங்கள். புதிதாக எதையும் எடுக்க அதற்குக் கையில் இடமில்லை. பொட்டாசியம் அயோடைடு மாத்திரை செய்யும் வேலை இவ்வளவுதான்.

1986 ஏப்ரல் 26 செர்னோபில் விபத்துக்குப் பின், கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, பாலைக் குடித்த குழந்தைகளின் தைராய்டைச் சேர்ந்தது. அப்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில் 6,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 2005க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்பகுதிகளில் முன்பே அயோடின் குறைபாடு இருந்தது பாதிப்பைக் கூட்டியது. காலிக் கை சுண்ணாம்புக் கொட்டையை வேகமாகப் பிடித்தது. அண்டை நாடான போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறாருக்கு அயோடைடு வழங்கியது.

மாத்திரையைப் பற்றி நான்கு செய்திகளைப் பிள்ளைகள் தெளிவாக அறிய வேண்டும். ஒன்று, அது தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். இரண்டு, கதிரியக்கம் வருவதற்குச் சற்று முன்னோ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் பயன். ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு நாள் பாதுகாப்பு. மூன்று, அரசு அறிவித்தால் மட்டுமே எடுக்க வேண்டும்; தேவையின்றி எடுத்தால் தைராய்டே கெடலாம். நான்கு, உப்பு அதற்கு மாற்றாகாது. பெரியவர்களுக்கான மாத்திரையில் உள்ள அயோடின் 100 மில்லிகிராம். அதைக் கடை உப்பிலிருந்து பெற ஆறரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்! 2011இல் ஃபுகுஷிமா விபத்தின்போது சீனாவில் மக்கள் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். இந்த ஒரு வகுத்தல் கணக்கு தெரிந்திருந்தால் கடைவாசலில் நின்றிருக்க மாட்டார்கள்.

இதே பண்பு நோய் தீர்க்கவும் உதவுகிறது. 1941இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர், கிரேவ்ஸ் நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்துச் சிகிச்சை செய்தார். மருந்து தானாகவே தைராய்டைத் தேடிப் போய், மிகையாகச் சுரக்கும் செல்களை அழித்தது. இன்றும் அந்தச் சிகிச்சை உண்டு.

"அப்போ நம்ம ஊர்ல தைராய்டு வர்றதுக்கு அணுமின் நிலையம்தான் காரணமா?" என்ற கேள்வியும் வரும். அதட்டி அடக்கவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். தைராய்டு குறைபாடு உலகெங்கும், குறிப்பாகப் பெண்களிடம், பரவலாகக் காணப்படும் நோய். ஒருவரின் கழுத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது. ஓர் ஊரில் கூடுதலா என்று அறிய, அதே வயதும் பாலும் உணவும் கொண்ட வேறோர் ஊரோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். காங்ராவில் ஒரு பகுதிக்கு ஏன் சாதாரண உப்பைக் கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். ஒப்பீடு இல்லாமல் முடிவு இல்லை என்பதை அவர்களே சொல்வார்கள்.

நம் கண்ணில் பட வேண்டியவை

நாம் மருத்துவர்கள் அல்லர். ஆனால் பெற்றோருக்கு அடுத்தபடியாக ஒரு பிள்ளையை ஆண்டு முழுவதும் பார்ப்பவர்கள் நாமே. சுரப்புக் குறைந்தால்: உயரம் கூடுவது நின்றுபோதல், எப்போதும் சோர்வு, மலச்சிக்கல், வறண்ட தோல், மற்றவர்க்கு இல்லாத குளிர் உணர்வு, உணவுக்குப் பொருந்தாத எடை, பருவமடைதல் தாமதமாதல், நன்றாகப் படித்த பிள்ளை மந்தமாதல். சுரப்பு மிகுந்தால்: நிறையச் சாப்பிட்டும் இளைத்தல், படபடப்பு, விரல் நடுக்கம், திடீரெனக் கோணலாகும் கையெழுத்து, எரிச்சல், ஓரிடத்தில் இருக்க முடியாமை, பிதுங்கிய கண்கள். இவற்றில் ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் அவ்வப்போது இருக்கும். பல சேர்ந்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை உயரமும் எடையும் அளந்து குறித்துவைப்பது நம் கையில் உள்ள மிக எளிய கருவி. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். குழந்தைகள் நலனுக்காக 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் குழு பார்க்க வேண்டியவற்றில் கழலையும் ஒன்று. பெற்றோரைத் தனியே அழைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று காட்டச் சொல்லுங்கள். ஒரு குழாய் இரத்தத்தில் விடை தெரிந்துவிடும். பிள்ளையின் கழுத்தை நாம் தொட்டுப் பார்ப்பதோ, வகுப்பில் வைத்து "உனக்குத் தைராய்டா?" என்று கேட்பதோ கூடாது. மாத்திரை தொடங்கிய பிள்ளை அதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்டலாம்.

பிறக்கும்போதே தைராய்டு சுரக்காத குழந்தைகளும் உண்டு. இந்திய ஆய்வுகளில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்டறிந்து, முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் அந்தக் குழந்தை எல்லாரையும் போல் வளரும். தாமதித்தால் கிரிட்டினிசம். நம் மேல்நிலை வகுப்பு மாணவியர் பலர் சில ஆண்டுகளில் தாயாகப் போகிறவர்கள். இந்த ஒரு செய்திக்காகவாவது பாடத்தை அவசரமாக முடிக்காதீர்கள்.

மற்ற சுரப்பிகளுக்கும் இதே கேள்விகள்

விளையாட்டு முடிந்ததும், அதே மூன்று கேள்விகளைக் கணையத்துக்குக் கேட்கச் சொல்லுங்கள். கட்டளை யாருடையது? இங்கே பிட்யூட்டரி இல்லை; இரத்தத்தில் கூடும் சர்க்கரையே லாங்கர்ஹான் திட்டுகளின் பீட்டா செல்களைத் தூண்டுகிறது. எப்போது நிற்கும்? சர்க்கரை இறங்கினால். எங்கே அறுந்தது? பீட்டா செல்கள் அழிந்தால் முதல் வகை நீரிழிவு. இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்கு இணங்காவிட்டால் இரண்டாம் வகை. அட்ரினல் புறணியின் கார்டிசோலுக்குக் கைதட்டுவது மீண்டும் பிட்யூட்டரி. பாராதைராய்டுக்குக் கட்டளை இரத்தத்தின் கால்சியம். இப்படி ஒவ்வொரு சுரப்பிக்கும் தட்டு எது, கைதட்டுபவர் யார், கொட்டை எது என்று பிள்ளைகளே எழுதினால் பழைய அட்டவணை தானாக நிறைந்துவிடும்.

எங்கள் மாணவி இப்போது தினமும் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். அடுத்த ஆண்டு வழிபாட்டு வரிசையில் நான்கு பேரைத் தாண்டிப் பின்னால் போனாள். நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர், எனக்கே அப்போ தெரியலையே" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளை காலை உங்கள் பள்ளி வரிசையையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.